களி கிண்ட இருவர் வேண்டும்



சென்ற திங்கள் இப்பகுதியில் வாடகை வீடு தேடும் தொல்லையைப் பற்றி எழுதியிருந்தேன். வீடு கிடைத்த பின்னர் அவ்வீட்டில் செய்யவேண்டியது யாது என்று அன்பர் சிலர் கேட்டனர். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்பதை யாவரும் அறிவர். பால் காய்ச்சுவது ஒரு நாளோடு முடிந்துவிடும். நாள்தோறும் தொடரும் கடமை ஒன்று உண்டு. அதுதான் இரவு உணவு. மணமாகி ஓரிரண்டு ஆண்டுகளே ஆன நிலையில், பெரியோர் துணையின்றி, இந்நகரில் இருவராய்க் குடித்தனம் நடத்தும் இளந்தம்பதிகளை மனத்திற் கொண்டு அதனைப் பற்றியே இத்திங்கள் எழுதுகிறேன்.

மூன்று வேளை உணவில் இரண்டு வேளை நம் வசத்தில் இல்லை. காலையில் உண்பது கடிகாரத்துக்கு அஞ்சி உண்பது. நண்பகலில் உண்பது அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ டப்பாவைத் திறந்து, பிறர் நடுவே உண்பது. கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து உண்ணக்கூடிய வேளை இரவு ஒன்றே. அந்த ஒரு வேளையும் பெங்களூரில் மெல்ல மெல்லக் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. போக்குவரத்து நெருக்கடியில் ஒருவர் ஏழு மணிக்கு வீடு சேர்கிறார். மற்றவர் எட்டரைக்குச் சேர்கிறார். இருவருக்கும் களைப்பு மிகுதி. கைப்பேசியை எடுத்து விரலால் தொட்டால் சிறிது நேரத்தில் வாயிலில் பொட்டலம் வந்து நிற்கிறது. அவருக்கு ஒரு பொட்டலம், இவருக்கு ஒரு பொட்டலம். அவர் கட்டிலில் அமர்ந்து உண்கிறார். இவர் நாற்காலியில் அமர்ந்து உண்கிறார். ஒரே கூரையின் கீழ் இரண்டு உணவு விடுதிகள் நடக்கின்றன!

என்றேனும் ஒருநாள் வெளியுணவு உண்பதை நான் குறை கூறவில்லை. அடை மழை நாளிலும் உடல் நலங்குன்றிய நாளிலும் அது பேருதவியே. ஆனால் அதுவே வழக்கமாகிவிட்டால், இருவரும் சேர்ந்து செய்யும் வேலை என்று அந்த வீட்டில் ஒன்றும் எஞ்சுவதில்லை. ஊரிலே கூட்டுக் குடும்பத்தில் இருந்தால், கணவன் மனைவிக்கிடையே பேச்சுக் குறைந்தாலும் அதை வளர்த்துக் கொடுக்க மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, ஓடி விளையாடும் பிள்ளைகள் உண்டு. குடிபெயர்ந்து வந்த இருவருக்கு அடுப்பை விட்டால் வேறு யார் உண்டு?

எவர் வீட்டுச் சுவை?

புதுமணத் தம்பதியரிடையே எழும் முதல் வழக்கு பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாய் இராது. குழம்பைப் பற்றியதாகவே இருக்கும். தமிழ்நாடு என்று நாம் ஒரு பெயரால் வழங்கினாலும், மாவட்டத்துக்கு ஒரு சமையல் உண்டு. சேலத்தார் குழம்பு வேறு. நெல்லையார் குழம்பு வேறு. ஊரில் இருந்தவரையில் இவ்வேற்றுமை நமக்குத் தெரிவதில்லை. இந்நகரில் ஒரே அடுப்பின் முன் இருவரும் நிற்கும்போதுதான் அது வெளிப்படுகிறது.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பிறந்தவன். எங்கள் இல்லத்தில் இரவு உணவென்றால் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும்தான். என் மனைவி கும்பகோணத்துப் பக்கத்தவள். அவள் பிறந்த இல்லத்தில் மூன்று வேளையும் அரிசியே ஆட்சி செய்தது. களி என்ற சொல் அங்கே மார்கழித் திருவாதிரையன்று வெல்லமிட்டுச் செய்யும் இனிப்புக் களியை மட்டுமே குறிக்கும். மணமான புதிதில் ஒரு மாலை, "இன்றிரவு களி உண்போமா?" என்று கேட்டேன். அவள் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்று திருவாதிரை இல்லையே!" என்றாள். இருவரும் சிரித்தோம். எல்லா வீட்டிலும் இது சிரிப்போடு முடிவதில்லை என்பதையும் அறிவேன்.

"எங்கள் அம்மா வைத்ததுபோல் இல்லை" என்று ஒரு வாக்கியம் உண்டு. அதைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஊர் நினைவு வந்து சொல்லிவிடுகிறார். ஆனால் கேட்பவர் உள்ளத்தில் அது முள்ளாய்த் தைக்கிறது. எட்டு மணி நேரம் வேலை பார்த்து, இரண்டு பேருந்து மாறி வந்து, நின்றபடியே சமைத்தவர், கண்காணாத ஒருவரோடு ஒப்பிடப்பட்டுத் தோற்றுப் போகிறார். அடுத்த நாள் அவருக்குச் சமைக்க மனம் வருவதில்லை. பொட்டலம் வாங்கும் பழக்கம் பல வீடுகளில் களைப்பினால் மட்டும் தொடங்கவில்லை, இவ்வாக்கியத்தினாலும் தொடங்கியிருக்கிறது.

இதற்கு மருந்து யாது? ஒருவர் சமைக்க மற்றவர் தீர்ப்புக் கூறும் நிலை இருக்கும்வரையில் இது தீராது. இருவரும் சேர்ந்து சமைத்தால், குழம்பில் உப்புக் கூடிற்றென்றாலும் அது இருவர் கைக்கும் உரியது. அவர் தாயின் சுவையும் அன்று, இவர் தாயின் சுவையும் அன்று என்று சொல்லத்தக்க மூன்றாவது சுவை ஒன்று அந்த அடுப்பில் பிறக்கும். பிற்காலத்தில் அவ்வீட்டுப் பிள்ளைகள் "எங்கள் வீட்டுச் சமையல்" என்று நினைவு கூரப் போவது அந்த மூன்றாவது சுவையைத்தான்.

அடுக்களையில் இருவர்

குறுந்தொகையின் 167 ஆம் பாட்டைப் பலரும் பள்ளியிற் படித்திருப்பீர்கள். கூடலூர்கிழார் பாடியது. புதிதாய்க் குடித்தனம் தொடங்கிய இளம்பெண் ஒருத்தி, தயிரைத் தன் கையால் பிசைந்து, தாளித்த புகை கண்ணில் படிய, தானே துழாவிப் புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாய் மலர்கிறது. பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் நற்றாயிடம் இதனைச் சொல்கிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இருவருக்கென்று சமைத்த எளிய குழம்பு ஒன்றைத் தமிழ்ப் புலவர் பாடத்தக்க பொருளாய்க் கண்டார் என்பது நமக்குப் பெருமை.

ஆயினும் அந்தப் பாட்டில் புகை ஒருவர் கண்ணில் மட்டுமே படிகிறது. இக்காலத்து மனைவியும் காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அவ்வாறிருக்க, இரவுச் சமையலை முழுவதும் அவள் தலையில் வைப்பது நீதியாகாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் காலப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்திற்று. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இவ்வெண்கள் உறுத்துகின்றன. ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் பல வீடுகளின் மனக்கசப்பு ஒளிந்துகொண்டிருக்கிறது.

"ஆண்பிள்ளை கரண்டி பிடிப்பதா?" என்று கேட்போர் இன்னும் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். மிகச் சிறந்த சமையலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் நளபாகம், பீமபாகம் என்பன. இரண்டும் ஆடவர் பெயர்களே. கலியாண வீட்டில் கோட்டை அடுப்பின் முன் நிற்பவரும், உணவு விடுதியில் தோசைக்கல்லின் முன் நிற்பவரும் பெரும்பாலும் ஆடவரே. ஊராருக்குச் சமைத்தால் இழிவில்லை. மனைவியோடு நின்று சமைத்தால் மட்டும் இழிவு என்பது என்ன நியாயம்?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, "உதவி செய்துவிட்டேன்" என்று கூடத்துக்கு வந்துவிடுவது பங்கு கொள்வதாகாது. துவரம் பருப்பு தீர்ந்துவிட்டது என்பதை எவர் நினைவில் வைத்திருக்கிறாரோ அவரே அந்த வீட்டின் உண்மையான சமையற்காரர். நினைவு வைக்கும் பாரத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் இல்லத்தில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. சரக்கு அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு வைப்பதுபோல், சமையலறைச் சுவரில் ஒரு பழைய குறிப்பேட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தீர்ந்ததை எவர் கண்டாலும் எழுதிவிட வேண்டும். வெளியே போகிறவர் அத்தாளைக் கிழித்து எடுத்துப் போக வேண்டும். "நீ சொல்லவில்லையே" என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பருப்பு ஏன் வேகவில்லை?

சென்னையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ புதிதாய் இங்கு வந்தோர் கூறும் குறை ஒன்றுண்டு. "அதே பருப்புத்தான், அதே பாத்திரந்தான், இங்கே வேக மாட்டேன் என்கிறது" என்பார்கள். இது கைக்குற்றம் அன்று, ஊரின் உயரம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர், அதாவது 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் குறையும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. எரிவாயு வீணாவதே மிச்சம். பிரஷர் குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் வெப்பம் 120 டிகிரியை நெருங்கும். ஆதலின் இந்நகரில் பருப்புச் சமைப்போருக்குக் குக்கர் அணிகலம் போன்றது.

மற்றொரு காரணம் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீராய் இருக்கும். அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காவிரி நீர் வரும் தெருவில் அதே பருப்பு விரைவில் குழையும். காவிரி இந்நகரத்துக்கு முதன்முதலாக 1974 இல் வந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு இயந்திரங்களால் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் காவிரி வராத வீட்டார், பருப்பை அரை மணி நேரம் ஊற வைத்து, குடிப்பதற்கு வாங்கும் நல்ல தண்ணீரில் வேக வைப்பது நலம். புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்த பின்னரே சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னரே சேர்ந்தால் பருப்பு மேலும் இறுகும்.

இம்மண் தரும் இரவு உணவு

குடிபெயர்ந்தோர் செய்யும் பெருஞ்செலவுகளில் ஒன்று, ஊரிலுள்ளதையே இங்கும் தேடி அலைவது. ஊர்ப் புளியும் ஊர் மிளகாய்த் தூளும் வேண்டுவனவே. வெள்ளிக்கிழமை ஊருக்குச் சென்று ஞாயிறு இரவு திரும்பும் ரயிலில் சாம்பார்ப் பொடி மணக்காத பெட்டி அரிது. ஆனால் இம்மண்ணில் எது மலிந்து விளைகிறதோ அதைச் சமைக்கக் கற்றுக்கொண்டவரே இங்கு வயிறார உண்பவர்.

காய்கறிகளில் நமக்கு வேடிக்கையான உறவினர் ஒருவர் உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் சௌசௌவைப் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்போம். பெங்களூருக்கு வந்து கேட்டால், இவ்வூரார் அதைச் 'சீமே பதனேகாயி' என்கிறார்கள். சீமைக் கத்தரிக்காய் என்பது பொருள். நாம் இவ்வூரைக் காட்டுகிறோம். இவ்வூரார் சீமையைக் காட்டுகிறார்கள். உண்மையில் அது மெக்சிகோ நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கொடி. எங்கிருந்தோ வந்து, எல்லா வீட்டிலும் கூட்டாகிவிட்டது. சௌசௌவும் பாசிப்பருப்பும் வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து விட்டு, கறிவேப்பிலை தாளித்தால் கும்பகோணத்துக் கூட்டு ஆயத்தம்.

மார்கழி, தைத் திங்களில் இந்நகரச் சந்தைகளில் அவரை மலையாய்க் குவியும். அதற்கென்றே சனவரியில் ஓர் அவரை மேளாவும் நடக்கிறது. அவரைக் கொட்டையை ஐந்தாறு மணி நேரம் ஊற வைத்து, ஒவ்வொன்றாய் விரலிடையில் வைத்துப் பிதுக்கினால் தோல் நீங்கிப் பருப்பு வெளியே துள்ளும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் இதனைப் பிதுக்கம் பருப்பு என்போம். தனியாளாய்ப் பிதுக்கினால் சலிப்புத் தட்டும். இருவர் எதிரெதிரே ஒரு தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அமர்ந்தால், அன்றைய கதைகள் முடிவதற்குள் தட்டு நிறைந்துவிடும். அதனைக் கன்னடத்தார் 'ஹுளி' வைப்பர். அச்சொல் கேட்டு மருள வேண்டா. பழங்கன்னடத்தில் பகரமாய் இருந்தது பின்னாளில் ஹகரமாயிற்று. நம் பால் அவர்களுக்கு ஹாலு. நம் பூ அவர்களுக்கு ஹூவு. நம் புளியே அவர்களுக்கு ஹுளி. அண்டை வீட்டு அம்மையாரிடம் ஒரு குழம்பின் செய்முறை கேட்டால், பாதிக் கன்னடமும் அத்துடன் வந்துவிடும்.

இனிக் கேழ்வரகு. இந்தியாவில் மிகுதியாகக் கேழ்வரகு விளைவிப்பது கருநாடக மாநிலமே. இத்தானியமும் குடிபெயர்ந்து வந்ததுதான். அதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். இந்நாட்டுக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் ஒட்டுச் சேர்த்து, மண்டியாவில் 'இந்தாப்' என்னும் உயர் விளைச்சல் இரகங்களை உண்டாக்கியவர் லட்சுமணய்யா என்னும் அறிஞர். 'ராகி லட்சுமணய்யா' என்றே கருநாடக உழவர் அவரை அழைத்தனர். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னர், ஏழை உணவு என்று முகஞ்சுளித்தோரும் இதனைத் தேடி வாங்குகின்றனர்.

இருவருக்குக் களி செய்யும் முறை இது. இரண்டு குவளைத் தண்ணீரில் சிறிது உப்பும், முன்னரே குளிர்ந்த நீரில் கரைத்த ஒரு கரண்டி மாவும் சேர்த்துக் கொதிக்க விடுக. நன்கு கொதித்ததும் ஒரு குவளைக் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாய்க் கொட்டுக. உடனே கிளறற்க. தீயைத் தணித்து நான்கைந்து நிமிடம் வேக விடுக. பின்னர் மரத் துடுப்பால் கட்டியில்லாமல் விரைந்து கிண்டுக. மூடி, இரண்டு நிமிடம் புழுங்க விட்டு, ஈரக் கையால் உருட்டுக. இரண்டு பெரிய உருண்டை கிடைக்கும். மெல்லாமல், குழம்பில் தோய்த்து விழுங்குவதே வழக்கம்.

இதில் கிண்டும் வேலைதான் கடினம். இறுகிய மாவோடு பாத்திரமும் சுழலும். ஒருவர் இடுக்கியால் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் இரு கைகளாலும் துடுப்பைப் பற்றிக் கிண்ட வேண்டும். பிடிப்பவர் கவனம் சிதறினால் கிண்டுபவர் கை சுடும். கிண்டுபவர் அவசரப்பட்டால் பிடிப்பவர் கை நழுவும். எங்கள் ஊர்ப் பெரியோர், "களி கிண்ட இருவர் வேண்டும்" என்று சொல்வது வழக்கம். அவர்கள் களியைப் பற்றித்தான் சொன்னார்கள். எனினும் இல்லறத்துக்கு வேறு உரை தேவையில்லை என்றே எனக்குத் தோன்றும்.

களிக்குத் துணையாகக் கன்னடத்தாரின் 'பஸ்ஸாரு' வைக்கலாம். வடித்த சாறு என்பது பொருள். ஒரே வேக்காட்டில் குழம்பும் பொரியலும் கிடைப்பது இதன் சிறப்பு. ஊற வைத்த துவரம் பருப்பு 100 கிராம் எடுத்து, நிறைய நீரில் குழையாமல் வேக வைக்க வேண்டும். குக்கரானால் ஒரு சீழ்க்கை போதும். முக்கால் பதம் வெந்ததும் ஒரு கட்டுக் கீரையை நறுக்கிச் சேர்த்து, வெந்தவுடன் நீரை வடித்து வைத்துக்கொள்க. வெந்த பருப்பும் கீரையும் இரண்டு கரண்டி எடுத்து, வதக்கிய வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், மிளகு, சீரகம், தேங்காய், சிறிது புளி ஆகியவற்றோடு அரைத்து, வடித்த நீரில் கரைத்துக் கொதிக்க விட்டால் சாறு. எஞ்சிய பருப்பையும் கீரையையும் கடுகு, வெங்காயம் தாளித்துத் தேங்காய்த் துருவலோடு புரட்டினால் பொரியல். ஒருவர் சாற்றைக் கவனிக்க, மற்றவர் பொரியலைக் கவனிக்க, முக்கால் மணியில் வேலை முடியும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

நம் சங்கத்தாரில் புலால் உண்போரும் உண்ணாதோரும் உளர். புலால் உண்போர் இல்லத்திலும் வாரத்தில் பல இரவுகள் மரக்கறி உணவே. அதில் ஒரு பிழை பரவியிருக்கிறது. சோறு நிறைய, ரசம் சிறிது, ஊறுகாய் ஒரு துண்டு என்று உண்டுவிட்டு, மரக்கறி உணவில் வலுவில்லை என்று சொல்லுகிறார்கள். வலுவில்லாதது அந்தத் தட்டே! ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையும் காய்கறியும் 400 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி என்று கணக்குக் காட்டுகிறது. நம்மில் பலர் தட்டில் தானியம் கணக்கை மீறுகிறது. பருப்பும் காயும் கணக்கை எட்டுவதில்லை. மேலே சொன்ன களி, சாறு, பொரியல், சௌசௌக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர் என்று அமைந்தால் இரவின் பங்கு நிறைவாய் முடியும். கீரை உண்ணும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உண்ட கையோடு காபியோ தேநீரோ பருகினால் அது குறையும்.

காய்களுக்கு ஹாப்காம்ஸ் கடைகளை மறவாதீர்கள். 1959 இல் மரிகௌடா என்னும் தோட்டக்கலை அறிஞரின் முயற்சியால் திராட்சை பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கமாய்த் தோன்றி, பின்னர் எல்லாக் காய்கனிகளுக்கும் விரிந்தது அது. எடை நம்பிக்கை, விலைப்பலகை இரண்டும் புதிதாய் வந்தவருக்குத் துணை.

சில நடைமுறைகள்

இருவருக்கும் முறைப்பணி மாறி மாறி வந்தால் என் செய்வது என்று கேட்பீர்கள். ரயில்வேயில் இருப்பவனுக்கு இக்கேள்வி புதிதன்று. எனக்கு இரவுப் பணி வரும் வாரத்தில் நாங்கள் மாலை ஆறு மணிக்கே உண்டுவிடுகிறோம். அண்டை வீட்டார் அதைச் சிற்றுண்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் எதுவாயினும், இருவரும் சேர்ந்து உண்டோம் என்பதே கணக்கு. நாள்தோறும் இயலாதார் வாரம் மூன்று நாளென்று வைத்துக்கொள்ளட்டும். மற்ற நாளுக்கு வேண்டிய பொடியும் மாவும் ஞாயிறன்று இருவரும் சேர்ந்து ஆயத்தம் செய்து வைக்கலாம்.

உண்ணும்போது கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். வீட்டு வாடகை, கடன் தவணை, ஊரிலிருந்து வந்த மனத்தாங்கல் ஆகியவற்றை உணவு முடிந்து பாத்திரம் கழுவும்போது பேசலாம். பாத்திரம் கழுவுவதும் இருவர் வேலையே. சமைத்தவர் ஒருவர், கழுவுபவர் ஒருவர் என்று பிரித்தாலும் குற்றமில்லை. மாதத்தில் ஒருநாள் அண்டையிலுள்ள கன்னடக் குடும்பத்துக்கோ, புதிதாய் வந்திறங்கிய நம்மவர் ஒருவருக்கோ ஒரு பாத்திரம் கொடுத்தனுப்புங்கள். பாத்திரம் வெறுமையாய்த் திரும்பாது என்பது இவ்வூர் வழக்கமுங்கூட.

இத்திங்கள் ஒரு மாலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஊர்ச் சமையல் ஒன்று, இவர் ஊர்ச் சமையல் ஒன்று, இந்நாட்டுச் சமையல் ஒன்று என மூன்றை இருவரும் சேர்ந்து சமைத்துப் பாருங்கள். உண்டபின் தோன்றிய கருத்தை எழுதுங்கள். செய்முறைகளையும் அனுப்பலாம், இருவருக்கான அளவோடு எழுதி அனுப்பினால் இப்பகுதியில் வெளியிடலாம். அடுத்த திங்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் நாட்களில் இச்சிறு அடுக்களையை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதைப் பற்றி எழுத எண்ணுகிறேன்.